பவுனு சொன்ன இடம்

அத்தியாயம் 11

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் ராஜபாண்டி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டான். ஒரு மணிக்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தலைவலிக்கிறது என்று படுத்துக்கொண்டான்.

முனீஸ்வரி வாதாடவில்லை. சட்டையை எடுத்து உதறி அவன் தலைமாட்டில் வைத்தாள்.

"பஸ்ஸு ஒன்றரைக்குத்தான். படுத்திருங்க, எழுப்பி விடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மதியச் சோற்றைத் தூக்குவாளியில் போட்டு மூடினாள்.

நாற்பத்தோரு நாளாக அவன் குடிக்கவில்லை. அதில் பதினாறு நாள் தேனியில் ஆஸ்பத்திரி வார்டில் கழிந்தது. மீதி இருபத்தைந்து நாளும் சுருளிப்பட்டியில், இந்த இரண்டு அறை வீட்டில், முனீஸ்வரியின் கண் பார்வையில் கழிந்தது. திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போனால்கூட அவள் மனசு பந்தலுக்குக் கீழே நிற்கவில்லை. வீட்டைச் சுற்றியே வந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, விடிகாலையில் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ராஜபாண்டி ஓட்டிப் போன ஜீப், கொண்டை ஊசி வளைவில் பாறைப் பக்கம் சாய்ந்து விழுந்தது. உள்ளே பதினோரு பேர். மறுபக்கம், பள்ளத்தில் சாய்ந்திருந்தால் பதினோரு வீட்டில் இழவு. முருகன் புண்ணியத்தில் மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். முன் சீட்டில் இருந்த பவுனுக்கு மட்டும் வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. பவுனு வேறு யாருமல்ல, ராஜபாண்டியின் பெரியப்பா மகள். அவனுக்கு அக்கா முறை மட்டுமில்லை, சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள்.

பிரேக் பிடிக்கவில்லை என்றான் ராஜபாண்டி. முந்தின நாள்தான் ஜீப் கம்பத்தில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேலை முடிந்து வந்திருந்தது. அதனால் எல்லோரும் நம்பினார்கள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்த வண்டியில் பிரேக்கைச் சோதித்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பழி, வேலை பார்த்த மெக்கானிக் சின்னக்கருப்பு தலையில் விழுந்தது. ஒர்க்‌ஷாப்காரர் அவனை அந்த வாரமே நிறுத்திவிட்டார்.

அவனை நிறுத்துவதற்கு முன்னால் முனீஸ்வரியும் சும்மா இருக்கவில்லை. கம்பத்துக்குப் போய், ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, "பதினோரு பொம்பளைகளக் கொல்லப் பார்த்தியே, ஒன் கை வெளங்குமா" என்று தெருவே கூடி நிற்க அவனைக் கேட்டாள். அந்தப் பையன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பதிலும் சொல்லாமல் நின்றான்.

விபத்துக்குப் பிறகு ராஜபாண்டியின் குடி நூல் அறுந்த பட்டம் மாதிரி ஆனது. கடைசியில் கை கால் உதறி, இல்லாத பூச்சியைச் சுவரில் தேடி, வார்டுக்குப் போனான்.

வார்டிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்கள். மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதிக்கு, இதே நோயிலிருந்து மீண்டவர்கள் கூடுகிற குழு ஒன்றில் வாரா வாரம் போய் உட்கார வேண்டும். ஒரு போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நம்பருக்கு முனீஸ்வரி ஒன்பது நாள் அடித்தாள். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் ஒன்பது நாளும் சலிக்காமல் சொன்னது. ஊராட்சி ஆபீசில் கேட்டாள். "குடிக்கிறதுக்குக் கூட்டம் சேருறவுகளத் தெரியும். நிறுத்துறதுக்குக் கூட்டம் சேருறவுகளத் தெரியலயே ஆத்தா" என்றார் கிளார்க். அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

போன புதன்கிழமை, பழம் வெட்டு முடிந்து வரும்போது, ஒரு சிப்பம் திராட்சையை எடுத்துக்கொண்டு பவுனு வீட்டுக்குப் போனாள். ஐந்து மாதத்தில் மூன்றாவது தடவை. போவாள், கட்டிலோரம் நிற்பாள், பழத்தை வைப்பாள், வந்துவிடுவாள். அன்றைக்கு என்னவோ வாய்விட்டு அழுதுவிட்டாள். அவர் குடிக்கவில்லை மதினி, ஆனால் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை, போய் உட்கார ஒரு இடமும் கிடைக்கவில்லை என்றாள்.

பவுனு திராட்சையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, சின்னமனூர், பெரிய சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுக் கட்டடம், சனிக்கிழமை மூன்று மணி, இந்த வாரம் வீட்டு ஆட்களும் கூட உட்காரலாம் என்று மனப்பாடமாக ஒப்பித்தாள்.

உங்களுக்கு யார் சொன்னது மதினி என்று கேட்டதற்கு, "சொன்னாக" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கால் முறிந்து கிடக்கிற வீட்டிலிருந்து வந்த வழி அது. முனீஸ்வரி அதை முந்தானையில் முடிந்த மாதிரி மூன்று நாளும் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஒன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ராஜபாண்டி தானாகவே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான்.

*

ஓட்டுக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் போல. சுவரெல்லாம் கலர் பென்சில் படங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாசலில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கிற ஒரு அம்மா நின்று, வந்தவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெயர் சுகிர்தம் என்றார்கள்.

"மொதத் தடவையா? பயப்படாம வாங்க. இங்கன பேரு சொன்னாப் போதும். ஊரு, தெரு, சாதி, வேல எதுவும் கேக்க மாட்டோம்."

முனீஸ்வரி மனசுக்குள் வேறு மாதிரி நினைத்து வந்திருந்தாள். தாடியும் அழுக்கு வேட்டியுமாகப் பத்துப் பேர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தாள். உள்ளே இருந்தவர்களைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது. ஒருவர் கண்டக்டர் யூனிபார்மில் இருந்தார். ஒருவர் தேய்த்த சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாகப் பேங்க் ஆபீசர் போல இருந்தார். ஒருவர் விரல் நகமெல்லாம் பெயின்ட். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடியை விட்டவர்கள் சிரிப்பார்கள் என்பதே அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ராஜபாண்டி வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்கிற மாதிரி.

அப்போதுதான் பின்கதவு வழியாக டீ கேனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் ராஜபாண்டியின் முகம் வெளுத்துப்போனது.

ராக்கையா. பவுனின் புருசன்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். தேவாரம் ஊரில் இருந்த காலத்தில் அவரும் குடித்தவர்தான். சபரிமலைக்கு மாலை போட்டார், ஐயப்பன் நிறுத்திவிட்டார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சனிக்கிழமை தோறும் காயில் கம்பி வாங்கச் சின்னமனூர் போகிறார் என்பதும் தெரிந்த கதை.

ராஜபாண்டி எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. அதை நிமிர்த்தக்கூட நில்லாமல் வெளியே போய்விட்டான்.

முனீஸ்வரி பின்னாலேயே ஓடினாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். பவுனு வேண்டுமென்றே இங்கே அனுப்பியிருக்கிறாள், இருபது பேர் நடுவில் வைத்துப் புருசனை விட்டுக் கேள்வி கேட்கத் திட்டம் போட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். திராட்சை கொண்டுபோய்க் கொடுத்த கையை நொந்துகொண்டாள்.

பைக்குகள் நிறுத்தியிருந்த இடத்தில் ராஜபாண்டி மூச்சு வாங்க நின்றான். ராக்கையா ஒரு டம்ளர் டீயோடு வெளியே வந்தார். வேகமில்லாமல்தான் வந்தார்.

"உள்ள வா மாப்ள."

"நீங்க இருக்கீகன்னு தெரிஞ்சா வந்திருக்க மாட்டேன் மச்சான்." ராஜபாண்டி தலையைத் தூக்கவில்லை.

"அதுக்குத்தான் ஒங்கக்கா சொல்லல. எம் பேரச் சொல்ல அவளுக்கு நானும் அனுமதி குடுக்கல."

ராக்கையா டம்ளரை அவன் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தார்.

"எம் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்கார முடியலன்னா நான் போயிடுறேன். எனக்கு ஆறு வருசம் ஆயிருச்சு. போடியில புதன்கிழமை ஒரு கூட்டம் நடக்குது, அங்கன போய்க்கிருவேன். ஒனக்கு இப்போதைக்கு இது ஒண்ணுதான் இருக்கு. நீ உள்ள போ. நான் பஸ் ஏறுறேன்."

சொல்லிவிட்டு அவர் நிஜமாகவே செருப்பைத் தேடினார். ஒரு செருப்பு கிடைத்து, மற்றதைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

பொண்டாட்டியின் காலை முறித்தவனுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறார். இந்த மனுசனையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இருங்க மச்சான்" என்றான் ராஜபாண்டி. "நீங்களும் வாங்க."

*

மூத்தவராக இருந்த ஒருவர் ஆரம்பித்தார். சின்னமனூர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர், சுகிர்தத்தின் வீட்டுக்காரர் என்பது முனீஸ்வரிக்குப் பிறகுதான் தெரிந்தது.

"என் பேரு ஞானதுரை. நான் ஒரு குடிநோயாளி. பத்தொம்பது வருசமாக் குடிக்காத குடிநோயாளி."

"வணக்கம் ஞானதுரை" என்றார்கள் எல்லோரும்.

நரைத்த தலைக்காரரை அண்ணாச்சி என்றும் சொல்லாமல் ஐயா என்றும் சொல்லாமல், இருபத்தைந்து வயதுப் பையன்கூடப் பேரைச் சொல்லி வணக்கம் வைத்தது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் காரணம் புரிந்தது. அந்த வட்டத்தில் பெரியவர் சின்னவர் கிடையாது. இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார் ஞானதுரை. நாளைக்குக் குடிக்க மாட்டேன் என்று யாரும் சத்தியம் பண்ண வேண்டாம், இன்றைக்கு ஒரு நாள் போதும் என்றார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ராக்கையாவின் முறை வந்தது. அவர் ராஜபாண்டியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், வீட்டுக்காரிக்கு விபத்து என்று போன் வந்ததாம். உயிரோடு இருக்கிறாளா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பியவர், கம்பத்தில் பிராந்திக்கடை திறக்கிற நேரத்துக்கு அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். எப்படி அங்கே வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆறு வருசம் அன்னைக்கு ஒரு எட்டுல போயிருக்கும். ஞானதுரைக்குப் போன் போட்டேன். கடையப் பூட்டாம அப்பிடியே ஸ்கூட்டர்ல வந்தாரு. வந்து ஒரு வார்த்த அறிவுரை சொல்லல. ஏறுன்னாரு. ஏறுனேன். ஆஸ்பத்திரியில கொண்டுபோய் அவ கட்டில் பக்கத்துல உக்கார வச்சாரு."

பிறகு ஜீப் ஓட்டியவனைப் பற்றிப் பேசினார்.

"ஜீப் ஓட்டுனவனக் கொல்லணும்னுதான் அன்னைக்கு இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. பெறகு யோசிச்சுப் பார்த்தேன். தேவாரத்துல நான் குடிச்ச குடிக்கு, யாராச்சும் எங்கையில ஒரு ஸ்டீரிங்கக் குடுத்திருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். யாரும் குடுக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"நன்றி ராக்கையா" என்றார்கள்.

பேச விருப்பமில்லாதவர்கள் சும்மா இருக்கலாம் என்று ஞானதுரை ஏற்கெனவே சொல்லியிருந்தார். ராஜபாண்டி பேச மாட்டான் என்றே முனீஸ்வரி நினைத்தாள். கல்யாணமான இருபது வருசத்தில் நாலு பேர் நடுவில் அவன் நிதானத்தில் பேசி அவள் கேட்டதில்லை.

"என் பேரு ராஜபாண்டி" என்றான்.

யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நான் குடிநோயாளி. அந்த ஜீப்ப ஓட்டுனது நான்தான்."

"வணக்கம் ராஜபாண்டி."

"பிரேக்கு பிடிக்கலன்னு எல்லாருட்டயும் சொன்னேன். போலீசுட்ட, ஓனருட்ட, எம் வீட்டுக்காரிட்ட." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் மிதிக்கல. காலையில நாலரை மணிக்கு, தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிருந்ததக் குடிச்சிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். வளைவு வந்துச்சு. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. காலு கேக்கல."

முனீஸ்வரிக்குக் காது அடைத்துக்கொண்டது. அவன் மேலே பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் தான் கத்திய கத்தல்தான் கேட்டது. ஒன் கை வெளங்குமா. ஒன் கை வெளங்குமா. அந்தப் பையன் வாயைத் திறக்காமல் நின்றது கேட்டது.

எழுந்து போய்விட வேண்டும் என்று நாற்காலிக் கையைப் பிடித்தாள். பக்கத்தில் இருந்த சுகிர்தம் அவள் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்கள்.

"இப்ப எந்திரிக்காதீக. கோவம் வரட்டும். உக்காந்துக்கிட்டே கோவப்படுங்க. நானும் அப்பிடித்தான் பழகுனேன்."

அவள் உட்கார்ந்தபடியே கோபப்பட்டாள். ஐந்து மாதம் பக்கத்தில் படுத்துக்கொண்டு பொய்யோடு தூங்கியிருக்கிறான். அந்தப் பொய்யைத் தெருவில் நின்று கத்தியது அவள் வாய்.

ராஜபாண்டி பேசி முடித்தான்.

"நன்றி ராஜபாண்டி" என்றார்கள் இருபது பேரும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு காரியத்தைச் சொன்னவனுக்கு நன்றியா? ஒருவர் முகத்திலும் வெறுப்பு இல்லை. அதிர்ச்சிகூட இல்லை. பெயின்ட் நகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் புருசனுக்கு யாரும் நன்றி சொல்லி அவள் கேட்டதே இல்லை. கோபம் போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து உட்கார்ந்தது. நாற்பத்தோரு நாளில் அவன் குடிக்கவில்லை என்றுதான் அவளுக்குத் தெரியும். அவன் குணமாகிக்கொண்டிருக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது.

முடிந்ததும் ஞானதுரை ஒரு துண்டுச் சீட்டில் தன் நம்பரை எழுதி ராஜபாண்டியின் சட்டைப் பையில் வைத்தார்.

"எந்த நேரம்னாலும் கூப்பிடு. ஆனா ஊத்துறதுக்கு முந்திக் கூப்பிடணும். ஊத்துன பெறகு கூப்பிட்டு அழக்கூடாது."

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் தனியாக உட்கார்ந்தாள். ராஜபாண்டியும் ராக்கையாவும் பின்சீட்டில். உத்தமபாளையம் தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வயலும் தென்னையும் ஓடின.

சுருளிப்பட்டியில் இறங்கியபோது இன்னும் வெயில் இருந்தது. ராக்கையா அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒங்க மதினி பார்க்கணும்னு சொன்னா. ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க."

ஐந்து மாதமாக ராஜபாண்டி அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போனது உண்டு. அன்றைக்கு அவன்தான் முன்னால் நடந்தான்.

பவுனு கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுவரோடு சாய்த்து வாக்கர். தம்பியைப் பார்த்ததும் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். காயத்தை மறைத்தது அவன் பார்த்து வருந்தக்கூடாது என்றுதான்.

"ஏலே, எளச்சுப் போயிட்டியே" என்றாள்.

அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். கூட்டத்தில் சொன்னதை இங்கேயும் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் பவுனு கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும்லே. முன் சீட்டுல உக்காந்திருந்தது நான். குடிச்ச காலத்துல பதினெட்டு வருசம் ஒங்க மச்சானோட குடும்பம் நடத்துனவளுக்கு அந்த வாசன தெரியாதா?"

"பெறகு ஏன் மதினி சொல்லல?" நிலைப்படியில் நின்ற முனீஸ்வரிதான் கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கரகரப்பாக இருந்தது.

ஜெயிலுக்குப் போனால் குடியை விட்டுவிடுவானா என்று அன்றைக்கு நினைத்ததாகப் பவுனு சொன்னாள். போய்ச் சேர ஒரு இடத்தைக் காட்டிவிட்டால் அவனே ஒரு நாள் சொல்லுவான் என்று காத்திருந்ததாகச் சொன்னாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அதெல்லாம் பெறகு நானாச் சொல்லிக்கிட்டது. நெசம் என்னன்னா, தூக்கி வளர்த்தவனக் காட்டிக்குடுக்க மனசு வரல. அந்த மெக்கானிக்குப் பையன நெனச்சா எனக்கு சோறு எறங்கல முனீசு. எங்காலு ஒடஞ்சதுக்கு அவன் வேல போச்சு. பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு."

முனீஸ்வரி அடுப்படிக்குள் போனாள். அங்கே காலையிலிருந்து கழுவாத பாத்திரம் குவிந்து கிடந்தது. ராக்கையா தன்னால் ஆனவரைக்கும் பார்க்கிறார், பாவம். சேலையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். தன் வீட்டுப் பாத்திரத்தைக்கூட அவள் அப்படித் தேய்த்ததில்லை. இந்த வீடு தன் புருசனைப் போலீசில் கொடுத்திருக்கலாம். ஊரில் சொல்லி முகத்தில் கரி பூசியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு விலாசம் கொடுத்தது. அவர்கள் ஊரில் அதற்கெல்லாம் நன்றி என்று வாயால் சொல்கிற வழக்கமில்லை. அடி பிடித்த சோற்றுப் பானையை வெள்ளி மாதிரி ஆகும் வரை தேய்த்தாள்.

வேண்டாம் என்று பவுனும் சொல்லவில்லை. தேய்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, நாளைக்குக் கம்பத்துக்குப் போய் ஒர்க்‌ஷாப்காரரைப் பார்ப்பதாக ராஜபாண்டி சொல்லிக்கொண்டிருந்தான். போலீசிலும் சொல்ல வேண்டிவரும், கேஸ் மறுபடி எழும் என்று ராக்கையா எச்சரித்தார். லைசென்ஸ் போகலாம். உள்ளே வைத்தாலும் வைக்கலாம்.

"போகட்டும்" என்றாள் முனீஸ்வரி.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒர்க்‌ஷாப்புக்கு நாளைக்குப் போகலாம். அந்தப் பையனுக்கு இன்னைக்கே சொல்லணும். அவன் கூடலூர்ல ஒரு பஞ்சர் கடையில இருக்கானாம். நம்பர் எங்கிட்ட இருக்கு. திட்டுறதுக்குன்னு வாங்கி வச்ச நம்பர்தான்."

அவளே எண்ணைத் தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை ராஜபாண்டியின் கையில் கொடுத்தாள். நாலு தடவை மணி அடித்த பிறகு சின்னக்கருப்பு எடுத்தான்.

"யாரு?"

"சின்னக்கருப்பு, நான் சுருளிப்பட்டி ராஜபாண்டி பேசுறேன். ஜீப்பு டிரைவரு."

அந்தப் பக்கம் ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"சொல்லுங்கண்ணே."

அந்த அண்ணே என்ற சொல் முனீஸ்வரியின் நெஞ்சில் தைத்தது. ராஜபாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

"பிரேக்குல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நீ பார்த்த வேல சுத்தமான வேல. நான் குடிச்சிருந்தேன். ஓம் மேல பழியப் போட்டேன். ஓனருட்ட, போலீசுட்ட, எல்லாருட்டயும் நான் சொல்றேன். ஒனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு…"

"என்னைத் தெருவுல வச்சுக் கேட்டாகளே, அவுகளுக்குத் தெரியுமாண்ணே?"

முனீஸ்வரி போனுக்குக் குனிந்தாள். "இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும் தம்பி. நான் இங்கனதான் இருக்கேன். அந்தத் தெருவுலயே வந்து நின்னு, அன்னைக்குச் சொன்னதத் திருப்பி எடுத்துக்கிருவேன். அது என் பொறுப்பு."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம்தான் கேட்டது. துண்டித்துவிட்டானோ என்று ராக்கையா போனை எட்டிப் பார்த்தார். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப எங்கன இருக்கீக?"

"பவுனக்கா வீட்டுல."

"அங்கனயே இருங்க. வாரேன்."

போன் அணைந்தது. வாரேன் என்றதில் என்ன இருந்தது என்று நாலு பேராலும் சொல்ல முடியவில்லை. கோபமா, அழுகையா, வேறெதுவுமா. கூடலூரிலிருந்து பைக்கில் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

"மாப்ள, நீ வேணா உள்ள இரு. நான் மொதல்ல பேசிக்கிறேன்" என்றார் ராக்கையா.

"வேணாம் மச்சான்."

ராஜபாண்டி எழுந்து போய்ப் படியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். கடன்காரன், போலீஸ், ஜீப் ஓனர் என்று யார் வந்தாலும் கொல்லைப்பக்கம் போய் நின்று பழகிய மனுசன். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற முனீஸ்வரிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருசத்தில் அந்த முதுகுக்குப் பின்னால் நிற்க வெட்கப்படாமல் நின்றது அன்றைக்குத்தான்.

"ஏ முனீசு" என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டாள் பவுனு. "ஒலையில இன்னும் ரெண்டு ஆழாக்கு அரிசி கூடப் போடு ஆத்தா. அவன் எதுக்கு வாரானோ தெரியாது. வந்தவன் சாப்பிடாமப் போகக்கூடாது."